இரும்புச்சத்து இருப்பை அறியும் இரத்தப் பரிசோதனை: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதை அறியச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனை ஃபெரிட்டின் பரிசோதனை ஆகும். இரத்தசோகைக்காக வழக்கமாகச் செய்யப்படும் ஹீமோகுளோபின் பரிசோதனையிலிருந்து இது வேறுபட்டது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்து இருப்பு தீர்ந்திருக்கக்கூடும். ஆகவே எந்தப் பரிசோதனை எதைக் காட்டுகிறது என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாமல் தொடர உதவும்.

ஃபெரிட்டின் என்பது யாது?

வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 3 முதல் 4 கிராம் வரை இரும்புச்சத்து உள்ளது. இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் ஃபெரிட்டின் என்னும் புரதத்தினுள் சேமிக்கப்படுகிறது. வீட்டுக் குதிரில் நெல்லைச் சேர்த்து வைப்பதைப் போல, உடல் தன் தேவைக்கு மேற்பட்ட இரும்பை இப்புரதத்தில் வைத்துக்கொள்கிறது. அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலந்திருப்பதால், அதனை அளந்து மொத்த இருப்பை மதிப்பிட முடிகிறது.

உணவில் கிடைக்கும் இரும்பு போதாதபோது முதலில் குறைவது இந்த இருப்புதான். இருப்பு தீர்ந்த பின்னரே புதிய சிவப்பணு உற்பத்தி பாதிக்கப்பட்டு ஹீமோகுளோபின் குறைகிறது. எனவே இரத்தசோகை என்பது இரும்புச்சத்துக் குறைபாட்டின் கடைசிப் படி. அதற்கு முன்பே சோர்வு, கவனக்குறைவு, முடி உதிர்தல், கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுதல் போன்றவை ஏற்படலாம்.

இப்பரிசோதனை ஏன் முக்கியம்?

2019-21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எனினும், இரத்தசோகை அனைத்தும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதன்று. 2016-18இல் நடந்த குழந்தைகளுக்கான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், நாட்டின் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும், 32 விழுக்காட்டினருக்கு இரும்புச்சத்துக் குறைபாடும் காணப்பட்டன. ஃபோலிக் அமிலம் அல்லது வைட்டமின் பி12 குறைவு, நீண்டநாள் நோய்த்தொற்று, சிறுநீரக நோய், பரம்பரையாக வரும் தலசீமியா ஆகியவற்றாலும் இரத்தசோகை ஏற்படலாம். காரணத்தைப் பிரித்தறிய ஃபெரிட்டின் பரிசோதனை துணைசெய்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு வட்டாரம் போன்ற, நெல்லும் கரும்பும் பயிராகும் பகுதிகளில் வெறுங்காலுடன் வயலில் நடப்போருக்குக் கொக்கிப்புழுத் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு. மனிதக் கழிவு கலந்த ஈரமண்ணிலிருந்து பாதத்தின் வழியே உடலுக்குள் நுழையும் இப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. நாள்தோறும் சிறிதளவே இழப்பு ஏற்பட்டாலும், மாதக்கணக்கில் இருப்பு கரைந்துவிடும். காலணி அணிவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும், மருத்துவர் கூறும்போது குடற்புழு நீக்க மாத்திரை உட்கொள்வதும் இதனைத் தடுக்கும்.

யாருக்கு இப்பரிசோதனை பரிந்துரைக்கப்படலாம்?

• மாதவிடாயின்போது அதிக இரத்தப்போக்கு உள்ள பெண்கள்
• கர்ப்பிணிகள், அண்மையில் மகப்பேறு அடைந்தோர்
• இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயராதவர்கள்
• மூலநோய், குடற்புண் ஆகியவற்றால் இரத்தம் இழப்போர்
• சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளோர்
• அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோர். இவர்களுக்கு இரும்பு அளவுக்கு மீறிச் சேர்கிறதா என்று அறிய இது செய்யப்படுகிறது

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

கை நரம்பிலிருந்து சில மில்லி லிட்டர் இரத்தம் எடுக்கப்படும். ஃபெரிட்டினுக்கு மட்டும் எனில் வெறும் வயிற்றில் வரவேண்டிய தேவை பொதுவாக இல்லை. இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவும், டிரான்ஸ்ஃபெரின் செறிவும் சேர்த்துப் பார்க்கப்படுமானால், காலையில் உணவுக்கு முன் வரச் சொல்லலாம். பரிசோதனைக்கு முன் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் தெரிவியுங்கள்:

• கடந்த சில வாரங்களில் காய்ச்சல், சளி, வேறு தொற்று இருந்ததா
• இரும்புச்சத்து மாத்திரை அல்லது ஊசி எடுத்துக்கொண்டீர்களா
• இரத்தம் ஏற்றப்பட்டதா
• முடி, நக வளர்ச்சிக்கென பயோட்டின் கலந்த மாத்திரை உட்கொள்கிறீர்களா

நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஃபெரிட்டின் சில வாரங்களுக்கு மிக உயர்ந்து காணப்படும். குறைந்தது 4 வாரங்கள் கழித்தே மறுபரிசோதனை பயன் தரும்.

முடிவைப் புரிந்துகொள்வது எப்படி?

முடிவு ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றோ, ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்றோ அச்சிடப்பட்டிருக்கும். இரண்டிலும் எண் ஒன்றே. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இருப்பு குறைவு என்பதற்கான எல்லைகள் வருமாறு:

• 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்: 12க்குக் கீழ், தொற்று அல்லது அழற்சி இருந்தால் 30க்குக் கீழ்
• 5 வயதுக்கு மேற்பட்டோர்: 15க்குக் கீழ், தொற்று அல்லது அழற்சி இருந்தால் 70க்குக் கீழ்

நோயுற்ற காலத்தில் எல்லை உயர்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல், காசநோய், மூட்டு அழற்சி, கல்லீரல் நோய் ஆகியவற்றின்போது உடல் ஃபெரிட்டினை மிகுதியாக வெளிவிடுகிறது. அப்போது உண்மையில் இருப்பு குறைந்திருந்தாலும் எண் சரியாகவே தோன்றும். இதனால்தான் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் பரிசோதனையும் சில வேளைகளில் சேர்த்துச் செய்யப்படுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதனினும் உயர்ந்த எல்லையைக் கடைப்பிடிக்கின்றனர்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் காண்போம். ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 9 எனில், அவருக்கு இரத்தசோகை இல்லை. ஆனால் இருப்பு தீர்ந்துவிட்டது, சிகிச்சை தேவை. மற்றொருவரின் ஹீமோகுளோபின் 9.5, ஃபெரிட்டின் 60, சி.ஆர்.பி. உயர்ந்துள்ளது. எண்ணைப் பார்த்து இரும்புக் குறைபாடு இல்லை என்று முடிவு செய்ய இயலாது; மேலும் ஆராய வேண்டும்.

சிவப்பணுக்கள் சிறியனவாக இருந்தும் ஃபெரிட்டின் இயல்பாக இருந்தால், அது தலசீமியாவின் அறிகுறியாக இருக்கலாம். இத்தகையோர் மருத்துவர் கூறாமல் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரலாகாது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், இரைப்பை, குடல் ஆகியவற்றில் மறைவான இரத்தப்போக்கு உள்ளதா என்பதைக் கண்டறிவது இன்றியமையாதது. மாத்திரை மட்டும் உட்கொண்டு காரணத்தை விட்டுவிடுதல் கூடாது.

சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஹீமோகுளோபின் உயரத் தொடங்கும், சோர்வும் குறையும். இந்நிலையில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அப்போது குதிர் இன்னும் நிரம்பவில்லை. அடுத்த மாதவிடாயிலோ மகப்பேற்றிலோ இரத்தம் இழக்கும்போது இரத்தசோகை மீண்டும் வந்துவிடும். ஹீமோகுளோபின் இயல்பான அளவை எட்டிய பின்னரும் பொதுவாக 3 மாதங்கள் வரை மாத்திரை தேவைப்படும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

• மாத்திரையைத் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொள்ளாதீர்கள்.
• எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவும்.
• கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பைவிட, ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படும். இருப்பு தீர்ந்த பின் உணவு மட்டும் போதாது.
• மலம் கருமையாவது மாத்திரையால் வரும் இயல்பான மாற்றம். வயிற்றெரிச்சல், மலச்சிக்கல் இருந்தால் நிறுத்திவிடாமல் செவிலியரிடம் கூறுங்கள்; அளவையோ நேரத்தையோ மாற்றலாம்.
• மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எங்கே அணுகுவது?

ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இரும்புச்சத்து மற்றும் ஃபோலிக் அமில மாத்திரைகள் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஃபெரிட்டின் பரிசோதனை எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. திருவாலங்காடு பகுதி மக்கள் தங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கேட்டறிந்து, தேவைப்பட்டால் திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டுப் பெற்றுச் செல்லலாம். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். முந்தைய பரிசோதனைச் சீட்டுகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஒரு தனி எண்ணைவிட, எண்கள் மாறிவந்த போக்கே மருத்துவருக்குத் தெளிவு தரும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத இரத்தப்போக்கு, மாத்திரை உட்கொள்ளாத நிலையிலும் தார்போன்ற கரிய மலம் ஆகியவை இருந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

இவ்விளக்கம் பொதுவான தகவலுக்கானது. உங்கள் முடிவின் பொருளையும் சிகிச்சையையும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.