மாறுதல் ஆணையும் வாடகை ஒப்பந்தமும்

கலந்தாய்வில் மாறுதல் ஆணை பெற்றபோது, என் 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் 5 மாதங்கள் மீதமிருந்தன. "பாதியில் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது சார்" என்றார் வீட்டு உரிமையாளர். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாத முன்னறிவிப்புடன் இரு தரப்பாரும் முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. கையெழுத்திட்ட நாளில் நான் படிக்காத வரி! எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெற்றேன். முன்பணம் கைக்கு வந்தது.

22.02.2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாடகை பாக்கி போன்றவற்றைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால், இடையில் காலி செய்வது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. எனவே, "பணிமாறுதல் ஏற்பட்டால் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம்" என்ற வரியைச் சேர்த்தபின் கையெழுத்திடுங்கள்.