பல்லிக்கு ஒரு பங்களா!

மரத்தில் இருந்து மாங்காய் விழும். தேங்காய் விழும். பல்லி விழுமா?

விழும்! அதுவும் 5 அடி நீளப் பல்லி!

2020-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி. அமெரிக்காவில் உள்ள மியாமி வானிலை நிலையம் மக்களுக்கு ஒரு செய்தி விடுத்தது. இரவில் குளிர் கடுமையாகும். மரங்களில் இருந்து இகுவானாக்கள் விழலாம். கண்டு திகைக்க வேண்டாம் என்பதே அந்தச் செய்தி.

இகுவானா என்பது பெரிய பச்சைப் பல்லி. முதுகில் முள் வரிசை இருக்கும். மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் அதன் தாயகம். வாலோடு சேர்த்து 5 அடி, 6 அடி வளரும். இலை தழைதான் உணவு.

அது ஏன் விழுகிறது?

நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பல்லி இனத்துக்கு அந்தச் சக்தி இல்லை. வெயில்தான் அதற்கு அடுப்பு. குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் இகுவானா மந்தமாகி விடும். இன்னும் குறைந்தால் உடல் விறைக்கும். பிடி தளரும். பொத்தென்று விழும். வெயில் ஏறியதும் பல எழுந்து நடந்து விடும்.

சேரங்கோட்டில் என்ன ஆகும்?

இதற்கும் நீலகிரி மாவட்டம் சேரங்கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இகுவானாவை இப்போது நம் நாட்டிலும் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள். சென்னை என்றால் கவலை குறைவு. அங்கே வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

சேரங்கோடு அப்படி அல்ல. அது பந்தலூர் தாலுகாவில், கேரள எல்லை ஓரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. தென்மேற்குப் பருவ மழை பிடித்தால், நாட்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. மார்கழி இரவில் மனிதருக்கே கம்பளி வேண்டும்.

மியாமியைப் போல் இங்கே இகுவானா விறைத்து விழாது. ஆனால், உடலில் சூடு இல்லாவிட்டால் தின்ற இலை செரிக்காது. நோய் வரும். குளிர் அதை மெல்ல மெல்லக் கொல்லும்.

ஆகவே, இங்கே கூண்டு மட்டும் கட்டினால் போதாது. வெயிலையும் சேர்த்துக் கட்ட வேண்டும்!

எத்தனை அடி?

குட்டி இகுவானா ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அதை மீன் தொட்டியில் விட்டு ரசிப்பார்கள். சில ஆண்டுகளில் அது ஆள் நீளம் ஆகிவிடும்!

வளர்ந்த இகுவானாவுக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள கூண்டு தேவை. அது ஒரு சிறிய அறைக்குச் சமம். மரம் ஏறும் பிராணி ஆகையால் உயரம் முக்கியம். அதன் உடல் பருமனுக்குக் குறையாத கிளைகளை உள்ளே பொருத்த வேண்டும்.

மூன்று பக்கமும் பலகை. முன்புறம் கண்ணாடிக் கதவு. காற்றோட்டத்துக்கு மேலும் கீழும் கொஞ்சம் கம்பி வலை. மலை ஈரத்தில் மரம் உளுத்துப் போகும்; எனவே, வார்னிஷ் பூச வேண்டும். பலகையின் வெளிப்புறத்தில் தெர்மாகோல் ஒட்டினால் சூடு வெளியே போகாது.

இரண்டு சூரியன்!

இந்தக் கூண்டுக்கு இரண்டு சூரியன் வேண்டும்.

முதல் சூரியன், சூடு தரும் விளக்கு. அதைக் கூண்டின் ஒரு கோடியில் மேலே பொருத்த வேண்டும். அதன் கீழே உள்ள கிளையில் 35 முதல் 38 டிகிரி வரை சூடு இருக்கலாம். மறு கோடியில் 26 டிகிரி போதும். சூடு வேண்டும்போது பிராணி விளக்கடிக்கு வரும். போதும் என்றால் நகர்ந்து கொள்ளும். விளக்கைச் சுற்றிக் கம்பிக் கூடு அவசியம். இல்லாவிட்டால் தோல் வெந்து விடும்.

இரவிலும் சூடு 24 டிகிரிக்குக் குறையக் கூடாது. இதற்கு வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றி கிடைக்கிறது.

இரண்டாவது சூரியன், புற ஊதாக் கதிர் விளக்கு. இந்தக் கதிர் பட்டால்தான் உடலில் 'டி' வைட்டமின் உண்டாகும், எலும்பு உறுதிப்படும். இல்லையேல் எலும்பு வளைந்து, கால் ஒடிந்து போகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்து விடும். விளக்கு எரிந்து கொண்டே இருந்தாலும் நாளடைவில் கதிர் குறைந்து விடும். எனவே, ஓர் ஆண்டுக்குள் மாற்ற வேண்டும்.

மழைக் காற்றில் மரம் சாய்ந்தால் மின்சாரம் நின்றுவிடுமே? அதற்கு இன்வெர்ட்டர் தேவை. அவசரத்துக்கு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம்.

பிராணியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முக்கியமாகக் குழந்தைகள்! பல்லி இனத்தின் உடலில் 'சால்மோனெல்லா' என்ற கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

உடும்பைத் தொடாதீர்கள்!

"இகுவானா எதற்கு? நம் ஊர் உடும்பைப் பிடித்து வளர்க்கலாமே!" என்று சிலர் நினைக்கலாம்.

கூடாது! உடும்பு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய்.

இகுவானாவுக்கும் சட்டம் உண்டு. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. அதன்படி, இகுவானா வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். முட்டை பொரித்துக் குட்டி வந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

வளர்க்க முடியவில்லை என்று காட்டில் விடுவதும் தவறு. மியாமியில் விழும் இகுவானாக்கள் அந்த ஊர்ப் பிராணிகள் அல்ல. பெரும்பாலும் செல்லப் பிராணிகளாக வந்து, தப்பியும் விடப்பட்டும் பெருகியவை!

முதலில் கூண்டு!

எனவே, ஆசைப்பட்டவர்கள் முதலில் பிராணியை வாங்கக் கூடாது. கூண்டைக் கட்ட வேண்டும். ஆடி மழையில் ஒரு வாரம் காலிக் கூண்டில் விளக்கை எரிய விட்டு, உள்ளே வெப்பமானியைத் தொங்க விட வேண்டும். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்து பார்க்க வேண்டும். வாரம் முழுவதும் சூடு குறையாமல் இருந்தால் வீடு தயார்.

குறைந்தால்? பிராணியை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்!