உங்களுக்குத் தெரியுமா? ஒரே கம்பெனி, இரண்டு போன்!

முகப்பேர் கிழக்கோ மேற்கோ, எந்த செல்போன் கடைக்குப் போனாலும் இதே குழப்பம்தான். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி இரண்டு போன். எதை வாங்குவது?

● 2021 மார்ச்சில் வந்த ரெட்மி நோட் 10 ப்ரோ, ப்ரோ மேக்ஸ் இரண்டிலும் சிப், திரை, பேட்டரி எல்லாம் ஒன்றே. மெயின் கேமரா மட்டும் ப்ரோவில் 64 மெகாபிக்சல், ப்ரோ மேக்ஸில் 108. அதற்கு விலையில் ₹3,000 கூடுதல்.

● அந்த 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாகத் தரும் படம் 12 மெகாபிக்சல்தான்! ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்துவிடும். 64 மெகாபிக்சல் கேமரா நான்கு நான்காகச் சேர்ப்பதால், அதன் படம் 16 மெகாபிக்சல். முழு 108 வேண்டுமானால் கேமராவில் அதற்கான மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

● அறிமுக விலை ₹18,999க்கு ப்ரோ மேக்ஸில் கிடைத்தது 6 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ். அதே காசுக்கு ப்ரோவில் 8 ஜி.பி., 128 ஜி.பி.!

● முகப்பேரிலிருந்து பூந்தமல்லி தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூர். ஐபோன் 15 தயாரான பாக்ஸ்கான் ஆலை அங்கேதான் இருக்கிறது. 2023இல் வந்தபோது ஐபோன் 15 விலை ₹79,900, 15 ப்ளஸ் ₹89,900. இரண்டிலும் ஏ16 சிப், ஒரே மாதிரி கேமரா. கூடுதலாகக் கொடுக்கும் பத்தாயிரத்துக்குத் திரை 6.1 அங்குலத்திலிருந்து 6.7 ஆகிறது, வீடியோ பார்க்கும் நேரம் 20 மணியிலிருந்து 26 மணி ஆகிறது என்கிறது ஆப்பிள்.

● பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 இந்தியாவில் எக்சினோஸ் சிப்போடு விற்றது. அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப்.

● அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ ஐபோன் வாங்கி வருகிறார்களா? ஐபோன் 14 முதல் அங்கே விற்கும் மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இங்கே வாங்கும் ஐபோன் 14, 15இல் சிம் கார்டு போடலாம்.

● வாங்கும் போனில் *#06# அழுத்தினால், அதன் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், போன் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும்.

பணம் கட்டும் முன் இரண்டு போன்களின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றாக இருக்கும் வரிகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது இரண்டு மூன்று வரிதான். அவை உங்களுக்குப் பயன்படாது என்றால், விலை குறைந்ததையே தைரியமாக வாங்குங்கள்!