வாட்டை விடுங்கள், ஓமைப் பாருங்கள்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளம். மலையின் மேற்குப் பக்கம் அந்தப் பாதையை ஒட்டியிருக்கும் ஊர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இது என்பது மரபு. அவருக்கு இங்கே தனிக் கோயிலும் உண்டு. மார்கழி விடியலில் பாட்டும், பௌர்ணமிக் கூட்டத்தில் அறிவிப்பும் இந்தப் பாதையில் நடப்பவர்களுக்குக் கூம்பு ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்து சேர்கின்றன. இதே ஊரில் புதிதாக வீடு கட்டுகிற ஒருவர், ஹாலில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் வைத்து ஹோம் தியேட்டர் அமைக்க நினைக்கலாம்.

தெருவில் இருப்பதும் ஹாலில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஸ்பீக்கர். ஆனால் மைக் செட்காரர் இந்த மூன்றையும் இணைக்கும் முறை வேறு, வீட்டில் இணைக்க வேண்டிய முறை வேறு. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டும் ‘5000 வாட்’ நம்மை மயக்காது.

ஒரு வாட் எவ்வளவு சத்தம்?

ஸ்பீக்கரை வாங்கும்போது பலரும் கேட்காத ஒரு கணக்கு உண்டு. அதற்கு ஒரு வாட் மின்சாரம் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. இதை உணர்திறன் என்பார்கள். வீட்டில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் இது 86 முதல் 90 வரை இருக்கும். கூம்பு ஒலிபெருக்கியில் 105-ஐத் தாண்டும்.

இருபது டெசிபல் வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். ஆனால் டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் மின்திறனில் பத்து மடங்கு. இருபது என்றால் நூறு மடங்கு. 108 டெசிபல் கூம்பு ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்தை, 88 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்ப 100 வாட் தேவை. கூம்பின் குறுகிய வாயும் விரிந்த முகமும் உள்ளேயிருக்கும் சிறிய தகட்டின் அதிர்வைக் காற்றோடு நன்றாகப் பிணைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இது. அதற்கு விலையும் உண்டு: கூம்பில் அடித்தொனி வராது. நாதஸ்வரம் கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கம் தேய்ந்துபோகும்.

வீட்டுக்கு வருவோம். சோபா, ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. 88 டெசிபல் ஸ்பீக்கர் என்றால், படத்தில் வசனம் இயல்பாகக் கேட்க ஒரு வாட்கூடத் தேவைப்படாது. குண்டு வெடிக்கும் நொடியில் சத்தம் இருபது டெசிபல் ஏறும். அப்போது 40, 50 வாட் வேண்டும். பெரும்பாலான ஹால்களுக்கு ஒரு சேனலுக்கு உண்மையான 50 முதல் 80 வாட் தாராளம். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது வெறும் மூன்று டெசிபல். கேட்பவருக்குச் சற்று ஏறியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

பெட்டியில் இருப்பதும் டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பதும்

‘உண்மையான வாட்’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்டியில் போடும் பி.எம்.பி.ஓ. என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிப் பெருக்கிய எண். அதை அளக்கப் பொதுவான விதி கிடையாது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண், அதிலும் எத்தனை ஓம் தடையுள்ள ஸ்பீக்கரில், எத்தனை சேனல் ஒரே சமயத்தில் ஓடும்போது என்று சொல்லியிருக்கிறதா என்பது.

தமிழ்நாட்டில் அசெம்பிள் செய்து வாங்குவோர் நிறையப் பேர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாவட்டத் தலைநகர் எலெக்ட்ரானிக்ஸ் கடைவரை 5.1 போர்டு, 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி, கேபினெட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அங்கே பொய் சொல்ல முடியாத பாகம் ஒன்று உண்டு: டிரான்ஸ்ஃபார்மர். ‘12-0-12, 5 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தால் அது தரக்கூடியது 24 × 5, அதாவது 120 வோல்ட்-ஆம்பியர். ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபயர் அதில் பாதியைச் சற்றே தாண்டித்தான் ஒலிக்குக் கொடுக்கும். மீதி ஹீட்சிங்க்கில் சூடாகப் போகும். ஆக மொத்தம் 60, 70 வாட். ஐந்து சேனலுக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு. முகப்பில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

டி வகை ஆம்ப்ளிஃபயர் வேறு மாதிரி. அதன் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுவதால் வெப்ப இழப்பு குறைவு. 90 சதவீதம்வரை ஒலிக்குப் போகும். சப்-வூஃபர் பெட்டிக்குள்ளேயே வைக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் இன்று பெரும்பாலும் இந்த வகைதான். கோடையில் வெயில் கொளுத்தும் திருவண்ணாமலையில், மூடிய டிவி அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்களுக்கு இந்தச் சூட்டுக் கணக்கு முக்கியம்.

கம்பத்திலிருந்து கம்பத்துக்கு

இப்போது ஒயர். மைக் செட்காரர் 200 மீட்டருக்கு ஒயர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 11.5 மில்லி ஓம். மின்சாரம் போகவும் வரவும் 400 மீட்டர் என்பதால் மொத்தம் 4.6 ஓம். கடைசியில் 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் தரும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒயரைச் சூடாக்கவே செலவாகும்.

தப்பிக்கும் வழியை மின்வாரியம் எப்போதோ காட்டிவிட்டது. வோல்டேஜை ஏற்று, ஆம்பியரைக் குறை. அதனால்தான் பொது ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் முனைகள் இருக்கின்றன. 100 வோல்ட் லைனில் ஒவ்வொரு கூம்போடும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 15 வாட் கூம்பு அந்த லைனில் இழுப்பது 0.15 ஆம்பியர் மட்டுமே. பத்துக் கூம்புகளை வரிசையாகத் தட்டித் தட்டி மாட்டினாலும் 1.5 ஆம்பியர்தான். அதே 200 மீட்டர் ஒயரின் கோடியில் பத்தையும் வைத்தாலும் வோல்டேஜில் குறைவது ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கூம்புகளின் வாட்டைக் கூட்டிப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக்குள் இருந்தால் போதும். ஓம் கணக்கே தேவையில்லை.

பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரை மலிவாக வாங்கி வீட்டில் மாட்ட நினைப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். 100 வோல்ட் முனையில் 8 ஓம் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் கணக்குப்படி அது இழுக்கப் பார்ப்பது 1,250 வாட். ஸ்பீக்கர் காயில் கருகும், அல்லது ஆம்ப்ளிஃபயர் போகும். சரியான முனையில் மாட்டினாலும், சாதாரண மைக் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் அடித்தொனியை வெட்டிவிடும். அது பேச்சுக்குப் பிறந்த கருவி.

ஹாலுக்குள் ஒயர்

வீட்டில் தூரம் குறைவு என்பதால் நேரடி இணைப்பே சரி. பின்பக்க ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் 10 மீட்டர் ஆகும். போக வர 20. இதில் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் தடை ஏறக்குறைய 0.7 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது எட்டு சதவீதத்துக்கு மேல். 1.5 போட்டால் 0.23 ஓம், மூன்று சதவீதத்துக்குள். ஒயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது நடைமுறை விதி. தாண்டினால் சத்தம் கொஞ்சம் குறைவதோடு, வூஃபரின் அசைவை நிறுத்திப் பிடிக்கும் ஆம்ப்ளிஃபயரின் பிடியும் தளரும். அடித்தொனி கொழகொழவென்று கேட்கும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதே தூரத்துக்கு 2.5 போடுங்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் நல்ல செம்பு ஃப்ளெக்சிபிள் ஒயரே இதற்குப் போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயர் கூடுதலாகச் செய்யப்போவது எதுவுமில்லை.

ஏமாற்று ஒன்று உண்டு. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட ஒயர் பார்க்கச் செம்பு போலவே இருக்கும். தடையோ சுமார் ஒன்றரை மடங்கு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்கள் சுவர் பூசும் முன்பே ஸ்பீக்கருக்குத் தனிக் குழாய் பதித்துவிடுவது நல்லது. 230 வோல்ட் ஒயர் ஓடும் குழாயிலேயே இதையும் திணிப்பது ஆபத்து. சப்-வூஃபருக்குப் போவது ஸ்பீக்கர் ஒயர் அல்ல, மெல்லிய சிக்னல் தாங்கும் ஷீல்டு ஒயர். அது மெயின் லைனோடு ஒட்டி ஓடினால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஏறலாம். கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால், குற்றவாளி எர்த் சுற்று. ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் பயனில்லை.

சேனல் ஒன்றில் இரண்டு ஸ்பீக்கரை மாட்டும் ஆசை பலருக்கு வரும். இரண்டு 8 ஓம் பக்க இணைப்பில் 4 ஓம் ஆகும். நான்கு மாட்டினால் 2. ஓம் பாதியாக, ஆம்பியர் இரட்டிக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ‘6 முதல் 16 ஓம்’ என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

கடைசியாக, சிவப்பும் கறுப்பும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் முனைகள் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பில் படும்போது கூம்புத்தாள் வெளியே வர வேண்டும்.

முன்னும் பின்னும் ஒலி

அடி அண்ணாமலைத் தெருவில் நடக்கும்போது, பாட்டின் ஒரே அடி முன்னால் இருக்கும் கூம்பிலிருந்து ஒரு முறையும் பின்னால் இருக்கும் கூம்பிலிருந்து இன்னொரு முறையும் கேட்பதுண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் வித்தியாசத்துக்கு 0.3 நொடி தாமதம். ஏறத்தாழ 0.05 நொடிக்கு மேல் தாமதித்தால் காது அதை இரண்டாவது ஒலியாகப் பிரித்துவிடும். அதற்குள் வந்தால் ஒன்றாகச் சேர்த்து, முதலில் வந்த திசையிலிருந்தே வந்ததாக நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-இல் இதை ஆராய்ந்து காட்டினார்.

ஹோம் தியேட்டரில் இது நேரடியாகப் பயன்படும். முன் ஸ்பீக்கர் நான்கு மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டரிலும் இருந்தால், பின்னாலிருந்து ஒலி 7 மில்லி நொடி முந்தும். காதை அது தன் பக்கம் இழுக்கும். ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரான ரிசீவரின் அமைப்பில் ‘டிஸ்டன்ஸ்’ என்ற இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து போட்டால், அது பின் ஸ்பீக்கரை அந்த அளவு காக்க வைக்கும். ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதற்கும் சர்வதேசப் பரிந்துரை உண்டு: நடு ஸ்பீக்கர் நேர் எதிரே, இடம்–வலம் இரண்டும் 30 பாகைக் கோணத்தில், பின் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை காதுக்குப் பிடிபடாது என்பதால் சப்-வூஃபரை வசதியான மூலையில் வைக்கலாம்.

ஆனால் அந்த அடித்தொனி பக்கத்து வீட்டுச் சுவரையும் கடக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கோயில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு வைப்பதோடு நிற்பதில்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. தனியார் வீட்டு ஒலி அமைப்பு எல்லைச் சுவரருகே அதை ஐந்து டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது.

ஆகவே பணத்தை எடுக்கும் வரிசை இது: முதலில் ஹாலை அளந்து ஸ்பீக்கரின் உணர்திறனையும் ஓமையும் முடிவு செய்யுங்கள். அடுத்து அந்த ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர். பிறகு தூரத்துக்கு ஏற்ற தடிமனில் செம்பு ஒயர். இந்த மூன்றும் பொருந்திவிட்டால், வாட் எண்ணைக் கடைசியில் பார்த்தாலும் அது போதுமானதாகவே இருக்கும்.