மூன்றே வாரத்தில் ஒரு கொரோனா சோதனை! தெரியுமா?

இதயத்துக்கு வால்வு செய்த இடமே, கொரோனாவைக் கண்டுபிடிக்கும் கருவியையும் செய்தது தெரியுமா? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம்தான் அது! குமரி, நெல்லைக்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். இதயத்தில் கோளாறு, தலையில் கட்டி என்றால் ரயிலேறி நேரே அங்கேதானே போகிறார்கள்!

அதன் ஆராய்ச்சிப் பிரிவு எங்கே இயங்குகிறது தெரியுமா? அரண்மனையில்! பூஜப்புராவில், முன்பு திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் வசமிருந்த சாட்டல்மண்ட் மாளிகையில்! நவராத்திரி முடிவில் வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளுவாரே, அதே பூஜப்புரா!

அங்கே இதய வால்வு உருவாக எத்தனை காலம் ஆனது? பத்தாண்டுக்கும் மேல்! முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதுதான் தேறியது! டாக்டர் வலியத்தான் குழுவின் அந்த வால்வு முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட நாள் 1990 டிசம்பர் 6.

கொரோனா சோதனைக்கு? மூன்றே வாரம்! அதுவும் எப்போது? 2020 மார்ச்சில் அங்கே ஒரு மருத்துவருக்கே தொற்று வந்து, டாக்டர்கள் பலர் தனிமையில் இருக்க நேர்ந்த பிறகு! ஏப்ரல் 16 அன்று ‘சித்திரா ஜீன்லாம்ப்-என்’ அறிவிக்கப்பட்டது.

எப்படி முடிந்தது? அதை உருவாக்கிய அனூப் தெக்குவீட்டிலின் குழு, லாம்ப் என்ற இதே முறையில் காசநோய்க்கு முன்பே சோதனை உருவாக்கியிருந்தது. கை பழகியிருந்தது!

வழக்கமான பி.சி.ஆர். முறையில் மாதிரியைச் சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி, சுமார் 40 சுற்று ஓட்ட வேண்டும். லாம்ப் முறையில்? ஒரே சூடு போதும்! வைரஸைக் கண்டறிய 10 நிமிடம்! மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு வரை 2 மணி நேரத்துக்குள்! ஒரே தடவையில் 30 மாதிரி! வைரஸ் உருமாறினால்? அதற்கும் வழி வைத்தார்கள். இந்தச் சோதனை வைரஸின் மரபணுவில் இரண்டு இடங்களைத் தேடும். ஒன்று மாறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்!

ஆலப்புழை தேசிய வைராலஜி நிலையம் சரிபார்த்தது. பி.சி.ஆர். முடிவோடு நூற்றுக்கு நூறு பொருத்தம்! செலவு? 1,000 ரூபாய்க்குள்! அப்போது தனியார் ஆய்வகக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பே 4,500 ரூபாய்!

ஸ்ரீசித்திரா செய்ததில் இன்னொன்று, என்னை அசத்தியது: அக்ரிலோசார்ப்! நோயாளியின் சளி, எச்சிலை அப்படியே உறிஞ்சிக் கெட்டியாக்கும் பொருள். தன் எடையைப் போல் 20 மடங்கு குடிக்கும்! உள்ளேயே கிருமிநாசினி! அள்ளி எரிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்குச் சிந்தும் பயம் குறைந்தது. அவரை நினைத்துச் செய்தார்களே, அதுதான் பெரிது!

ஸ்ரீசித்திரா மட்டுமல்ல, வைரஸ் ஆராய்ச்சிக்கென்றே திருவனந்தபுரத்தில் இன்னோர் இடமும் உண்டு, தெரியுமா? 2018இல் கேரளத்தில் நிபா வைரஸ் வந்தபோது மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேவுக்கும் போயின. 2019 பிப்ரவரியிலேயே திருவனந்தபுரம் தோன்னக்கலில் வைராலஜி நிறுவனம் திறந்துவிட்டார்கள்!

நோயைக் கண்டுபிடிப்பது இருக்கட்டும், சிகிச்சை? கொரோனாவிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மா கேட்டு ஊரெல்லாம் அலைந்தோமே, நினைவிருக்கிறதா? அந்த அமளிக்கு நடுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளை ஒன்றுசேர்த்து, 464 நோயாளிகளிடம் அதைச் சோதித்தது. 2020 ஏப்ரல் 22இல் தொடங்கி ஜூலை 14க்குள் அத்தனை பேரையும் சேர்த்துவிட்டார்கள்! முடிவு? பிளாஸ்மாவால் உயிரிழப்பு குறையவே இல்லை!