முத்திரையில்லாப் பலகை

சொந்தக் காணியில் தறித்த மரம். ஊர் மரக்காலையில் அரிந்த பலகை. ஆனாலும் அதைக்கொண்டு வீடு கட்டுவது அமெரிக்காவில் எளிதல்ல. பாரம் தாங்கும் மரத்தில் தர முத்திரை இருக்கவேண்டும் என்கிறது அங்குள்ள கட்டட விதி. சிறிய மரக்காலைக்கு முத்திரைச் செலவு கட்டுப்படியாகாது.

விஸ்கொன்சின் மாநிலம் இதற்கொரு வழி கண்டது. தரம்பிரிக்கும் பயிற்சியை முடித்தவர் பலகையைச் சோதித்து எழுத்தில் உறுதியளிக்கலாம். ஓரிரு குடும்பங்கள் வாழும் வீட்டுக்கு மட்டுமே இச்சலுகை. அங்கு குடியிருக்கப் போகிறவருக்கோ, அவருக்காகக் கட்டுபவருக்கோ நேரே விற்கவேண்டும்.

பயிற்சி கற்பிப்பது என்ன? மரக்கண், வெடிப்பு, உக்கல், சாய்ந்தோடும் இழை ஆகியவற்றைக் கண்டறிவது. வளையின் நடுவிலுள்ள கண்ணைவிட விளிம்பிலுள்ள கண்ணே பலத்தை அதிகம் குறைக்கும். கூரைக்கு மரம் எடுக்கும்போது நாமும் விளிம்பை முதலில் பார்ப்போம்.