ஆல்ஃபா ரோமியோ ஜூலியா சூப்பர்
இத்தாலி. நான்கு கதவு சீடான். 1965 முதல் விற்பனைக்கு வந்த வகை.

அட்டைப்பெட்டி போன்ற உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டென்று வெட்டி நிறுத்திய பின்பக்கம் காற்றின் போக்கைக் கணக்கிட்டு அமைத்தது. காற்றுத்தடைக் கெழு 0.34தான். 1962-இல் மோன்ஸா பந்தயத் திடலில் ஜூலியா வரிசை அறிமுகமானது. இத்தாலியப் போலீஸும் இதை ஓட்டியது, போலீஸிடம் தப்பியவர்களும் ஓட்டினார்கள்.

குனிந்து கதவுக்குக் கீழே பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடமும் அதையொட்டிய தகடும் இவ்வகைக் கார்களில் சீக்கிரம் துருப்பிடிப்பவை. மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டு வைப்பதே சரி.

எஞ்சின் மாற்றுவது அத்தனை சிரமமில்லை. அலுமினிய பிளாக், இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்ட மூல எஞ்சின் 1,570 சிசி. அதே குடும்பத்தில் பின்னால் வந்த 1,962 சிசி எஞ்சின் இதே இடத்தில் உட்காரும் என்பதால் பலர் அதைப் பொருத்துகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆலையே ஜூலியாவை மாற்றி, பந்தயத்துக்காக எடை குறைத்த 'டிஐ சூப்பர்' ரகத்தைச் செய்து விற்றிருக்கிறதே. கழற்றிய மூல எஞ்சினை மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது.